பூமுடி போதும் என்றவனுக்கு

நைனா,

நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பதைக் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் பேனர் கட்டிச் சொல்லிவிட்டார்கள். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின்னால் மணல் மேடு தெரிய, எங்கோ தூரத்தைப் பார்த்தபடி நிற்கிறாய். காலுக்குக் கீழே 'புதிய சவால்களை நோக்கி' என்று போட்டிருக்கிறது. பென்ஷன் வேலையாக ஈ.சி.ஆர். வழியே பஸ்ஸில் போனபோது பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க புள்ள தானே சார்" என்றார். ஆமாம் என்றேன்.

மாமல்லபுரத்தில் உன் விழா முடிந்த அன்று கார் நிறுத்துமிடத்தில் என் தோள்மேல் கையைப் போட்டு எனக்கு ஒரு வேலை கொடுத்தாய். "அம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்கப்பா. நான் சொன்னா அழுவாங்க." கண் மூடித் திறப்பதற்குள் கிலோமீட்டரைத் தாண்டுகிறவன் நீ. நாற்பதைத் தாண்டியும் உனக்கு உன் அம்மா அழுவதைப் பார்க்கத்தான் பயம். என் வாயில் வந்ததை அங்கே சொல்ல முடியவில்லை. உன் கம்பெனிக்காரர்கள் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். போனில் பேசினால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதைப் பாதியில் வைக்க உனக்கு மனசு வராது என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நீ ரேஸ் ஓட்டியதில் எனக்கு இப்போது வருத்தம் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது, அதை அப்போதே கத்தித் தீர்த்துக்கொண்டேன். அணுபுரம் குடியிருப்பில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கோச்சிங் கிளாஸுக்குப் போனபோது, நீ என் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டு வாசல் முழுக்க எண்ணெய் ஆக்கிவைத்தாய். நான் வேலை பார்த்த அணுமின் ஆலையின் கேன்டீனில் "பையன் எந்தக் காலேஜ்" என்று கேட்பவர்களிடம் "கார் ரேஸ் ஓட்றான்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அப்புறம் நீ ஜெயிக்க ஆரம்பித்தாய். அதே கேன்டீனில் யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாட்டிலேயே பெரிய தொடர் என்று சொல்கிறார்களே, அதில் இரண்டு தடவை பட்டம் வாங்கினாய். அந்தக் கோப்பைகளை இன்றைக்கும் உன் அம்மாதான் துடைத்து வைக்கிறாள்.

கடைசி சில வருஷம் எப்படிப் போனது என்பதும் எனக்குத் தெரியும். டிவியில் பார்க்கிற கிழவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துவிடாதே. நல்ல இன்ஜின் உன் அணிக்குப் புதிதாக வந்த சின்னப் பையனுக்குப் போனது. அவன் பின்னால் வந்தால் வழி விடு என்று உனக்கு ரேடியோவில் சொன்னார்கள், நீயும் விட்டாய். அடுத்த சீசனில் உன் சீட்டு வேறு ஒருவனுக்கு என்று முடிவானதும், நீயாகவே விலகுவதாக அறிக்கை விட்டாய். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆலையில் எங்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருக்கும். உடம்பில் ஏறுகிற கதிர்வீச்சை அது பதிந்துகொண்டே வரும். அளவைத் தொட்டுவிட்டால், எவ்வளவு பெரிய வேலைக்காரனாக இருந்தாலும் அந்த இடத்தை விட்டு வெளியே அனுப்பிவிடுவோம். யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொண்டது கிடையாது. கையைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். உங்கள் தொழிலில் அந்தப் பேட்ஜ் இல்லை, போதும் என்று அவனவனேதான் சொல்லிக்கொள்ள வேண்டும். எனக்கு அறுபதில் ஆபீஸே சொல்லிவிட்டது. மாலை போட்டு, ஸ்வீட் டப்பா கொடுத்து, ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். மறுநாள் காலையில் நான் சந்தித்த புதிய சவால் பால் பாக்கெட் வாங்கியதுதான். உன்னால் போதும் என்று சொல்ல முடியவில்லை. அது மனுஷனுக்கு இருக்கிற பலவீனம், அதற்காக நான் உன்னைத் திட்டமாட்டேன்.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல அந்த விபத்து நாளுக்குப் போக வேண்டும். நீ மயக்கத்தில் இருந்தாய், ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தது உனக்குத் தெரியாது. முன்னால் போனவன் சுற்றிக்கொண்டு குறுக்கே நின்றான், நீ அவன்மேல் ஏறித் தலைகீழாக விழுந்தாய் என்று உன் மெக்கானிக் கையாலேயே செய்து காட்டிக்கொண்டிருந்தான். உன் அம்மா அதைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, பின்னலை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். என்ன என்று கேட்டேன். "திருப்போரூர் முருகனுக்கு முடி தரேன்னு வேண்டிக்கினேன்" என்றாள். நீ கண் திறந்த அன்றைக்கு, வா போய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டேன். "பொழைச்சதுக்கு இல்லீங்க. இந்த வண்டிய வுட்டுட்டு, போதும்மான்னு அவன் வூட்டுக்கு வரான் பாருங்க, அன்னிக்குத்தான்" என்றாள். நீ எலும்பு கூடியதும் மறுபடி ஓட்டப் போய்விட்டாய். அவள் ஒரு வார்த்தைகூடத் தடுத்துச் சொல்லவில்லை.

வேண்டிக்கொண்ட முடியில் கத்தரி படக்கூடாது என்று அன்றிலிருந்து நுனியைக்கூட அவள் வெட்டவில்லை. குடியிருப்பில் அந்த முடியைப் பற்றிப் பேசாத பெண்கள் கிடையாது. அவர்களுக்கென்ன, பேசிவிட்டுப் போய்விடுவார்கள். வயசாக ஆக அவளுக்கு அது பாரமாகிவிட்டது. தலைக்கு ஊற்றிக்கொண்டால் காயப் பாதிப் பகல் ஆகும். மழைக்காலத்தில் ஈரம் இறங்கிச் சளி பிடிக்கும். கழுத்து வலிக்காகப் பார்த்த டாக்டரம்மா பாதியாக வெட்டிவிடச் சொன்னார். "அது என்னுது இல்லீங்களே" என்று இவள் சொன்னது அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. நான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். எனக்குச் சாமி விஷயத்தில் பெரிய பிடிப்பு இல்லை என்பது உனக்கே தெரியும். ஆனால் நீ ஓடுகிற நாட்களை நான் டிவி முன்னால் நகம் கடித்துக் கழித்தேன். அவள் அந்த முடியைப் பிடித்துக்கொண்டு கழித்தாள். பெண் பார்க்கலாமா என்று கேட்டால் இந்த சீசன் முடியட்டும் என்பாய். அவள் அதற்கும் தலையாட்டிவிட்டு ஜாதகத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள். எல்லாமே நீ விட்டுவிட்டு வரும் நாளுக்குத் தள்ளிப்போனது.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ நாவலூரிலிருந்து வந்தாய். சதுரங்கப்பட்டினத்திலிருந்து வஞ்சிரம் வாங்கிவந்து வறுத்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே, "சீரிஸ விட்டுட்டேம்மா" என்றாய். அவள் கரண்டியை வைத்துவிட்டு உன் எதிரே உட்கார்ந்தாள். "மெய்யாலுமா? அப்ப இனிமே ரேஸே இல்லியா நைனா?" என்று கேட்டாள். நீ தட்டைப் பார்த்துக்கொண்டு, "இல்லம்மா" என்றாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் காதால் கேட்டேன். அவள் அழவில்லை. உன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை நல்லா கீது, திருப்போரூர் போயிட்டு வந்துடலாம், நேர்ந்துகினத தள்ளிப் போடக்கூடாது" என்றாள். நீ வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். எனக்குக் கொஞ்சம் டைம் குடும்மா என்று சொல்லியிருக்கலாம். சரி என்றாய்.

அந்த வெள்ளிக்கிழமை வண்டியை நீதான் ஓட்டினாய். முடி இறக்குகிற இடத்தில் அவள் பின்னலை அவிழ்த்துப் போட்டதும் அங்கே உட்கார்ந்திருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "இம்மாம் முடி இந்த வயசுல நான் பாத்ததே இல்லம்மா. பூமுடி குடுத்துட்டுப் போங்களேன், கல்யாணம் கட்டிக்கினவங்க நெறைய பேரு அப்டித்தான் குடுக்கறாங்க" என்றார். நுனியில் மூன்று விரல் அளவு வெட்டிக் கொடுத்தால் அது பூமுடி, சாமி அதையும் ஏற்றுக்கொள்ளும் என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட வழக்கம். உடனே நீ பிடித்துக்கொண்டாய். "அவர் சொல்றது சரிதாம்மா. பூமுடி போதும். இந்த வயசுல எதுக்கும்மா மொட்டை?" அவள் கேட்கவில்லை. "புள்ளய முழுசா திருப்பிக் குடுத்திருக்காரு. நான் இத்துனூண்டு கிள்ளிக் குடுக்கறதா?" என்று தலையை முன்னால் குனிந்தாள். நீ மறுபடியும் சொன்னாய். குரல்கூட உயர்ந்துவிட்டது. அப்புறம் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டேன் என்று சொல்லி எழுந்து போய்விட்டாய். அம்மாவின் முடி விழுவதைப் பார்க்க உனக்குத் தாங்கவில்லை என்று நான் நினைத்தேன், என் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று அந்த வெயிலில் நின்று பூரித்துப்போனேன் நான். எல்லாம் முடிந்து நீ திரும்பி வந்தபோது அவள் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "காத்து ஜிலுஜிலுன்னு கீதுடா" என்று சிரித்தாள். உன் கையாலேயே அவளுக்குச் சந்தனம் பூசினாய். ஒரு தடவைகூட அவள் கண்ணைப் பார்க்காமலே பூசி முடித்தாய். அதற்கும் நானே ஒரு நல்ல காரணம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு வந்தது உன் விழா. மாமல்லபுரத்துக் கடலோர ஓட்டலில், முன் வரிசையில் எங்களுக்கு நாற்காலி. பிள்ளைக்குப் பிரிவு உபசாரம் என்று நினைத்து உன் அம்மா கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் ஒரு பாலைவனத்தைக் காட்டினார்கள். பெரிய டயர் போட்ட கார் ஒன்று மணலைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது, அதிலிருந்து நீ இறங்கினாய். "இது இன்னா மணலு?" என்று என்னைக் கேட்டாள். விளம்பரமாக இருக்கும் என்றேன், நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். மேடையில் இருந்தவன் தண்ணீர் கொட்டுவதுபோல இங்கிலீஷ் பேசினான். வெளிநாட்டுப் பாலைவனத்தில் இரண்டு வாரம் கார் ஓட்டுகிற ராலி, உலகத்திலேயே கடினமானது, வருஷா வருஷம் ஆள் சாகிறது என்பதையும் ஏதோ சிறப்பைச் சொல்வதுபோலச் சொன்னான். விளம்பரம் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்குள் உன் அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மகனின் பாலைவனப் பயணம் ஜெயிக்க வேண்டும் என்று இந்தத் தாய் தன் தலைமுடியைக் கடவுளுக்குக் கொடுத்திருக்கிறார் என்று அவன் சொன்னான். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. ஒன்றும் புரியாமல் அவள் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டாள். கீழே வந்து உட்கார்ந்ததும், "இன்னா சொன்னாங்க?" என்றாள். "உன்னையும் உன் புள்ளையையும் புகழ்ந்தாங்க" என்றேன். அவளை ஏமாற்றுவதில் அன்றைக்கு நானும் உன்னோடு சேர்ந்துகொண்டேன்.

வெளியே வரும்போது உன் மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பொங்கலுக்கு முன்னாடியே சைன் பண்ணிட்டாரு சார், எங்களுக்குத்தான் வெளிய சொல்லாம இருக்கறது கஷ்டமா போச்சு" என்றார். பொங்கலுக்கு முன்னால். நீ மீன் தின்றது மாசியில். திருப்போரூர் போனது அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. கார் நிறுத்துமிடத்தில் உன்னைக் கேட்டபோது என்ன சொன்னாய் என்பது ஞாபகம் இருக்கிறதா? "நான் ஒண்ணும் பொய் சொல்லலப்பா, ரேஸ் வேற, இது ராலி." பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட இதைவிட நல்ல சமாதானம் சொல்லும். மேடையில் அவன் சொன்னதைப் பற்றிக் கேட்டேன். "மொட்டை எதுக்குன்னு கேட்டாங்க, வேண்டுதல்னு சொன்னேன், அவங்களே அப்படி எழுதிக்கினாங்க" என்றாய். சரி, அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அதற்கப்புறம் மைக் உன் கையில் வந்ததே. நீயும் வெகுநேரம் பேசினாய். டயர் கம்பெனிக்கு நன்றி சொன்னாய், இன்ஜின் ஆயில்காரனுக்கு நன்றி சொன்னாய். என் அம்மா எனக்காக மொட்டை போட்டது உண்மை, ஆனால் இதற்காக இல்லை என்று தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற அப்பன் நாலு புத்தி சொல்வது வழக்கம். நாற்பது வயதைத் தாண்டியவனுக்குச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் கேள். ஓர் இடத்தை விட்டுப் போவதென்றால், சேரப் போகிற இடத்தில் சொல்வதற்கு முன்னால் விட்டுப் போகிறவர்களிடம் சொல். உன்னைப் பற்றி மற்றவர்கள் எழுதிக் கொடுப்பதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்காதே, கொஞ்ச நாளில் அதுதான் நீ என்று ஆகிவிடும். பயம் வந்தால் பயம் என்று சொல். அன்றைக்கு மீன் வறுவலுக்கு முன்னால், "என்னால விட முடியலம்மா, விட்டா நான் யாருன்னே தெரியல" என்று நீ சொல்லியிருந்தால் அவள் ஒரு மூச்சு அழுதிருப்பாள், அப்புறம் உனக்கு ரசம் ஊற்றியிருப்பாள். அந்த முடி இன்றைக்கும் அவள் தலையில் இருந்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு இந்தப் பாலைவனத்தையும் அவள் கடந்திருப்பாள். எத்தனை விபத்தைப் பார்த்தவள் அவள்! அவளைக் கண்ணாடிச் சாமான் மாதிரி நினைத்து நீ ஏமாற்றியதில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

நீ கொடுத்த வேலையை நான் செய்யவில்லை. காலையில் சொல்லலாம் என்று நினைப்பேன், அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பூப்பறிப்பாள். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைப்பேன், உன் ஜாதகத்தை எடுத்து வைத்துக்கொண்டு தரகருக்குப் போன் போடுவாள். இப்போது சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போய்விட்டது. முந்தாநாள் எதிர்வீட்டு மல்லிகா போனை நீட்டிக்கொண்டு வந்தாள். "அக்கா, நீங்க இதுல வந்துகினு கீறீங்க பாருங்க. தம்பி பாலைவனத்துல ரேஸ் ஓட்டப் போறதுக்குத்தான் மொட்ட போட்டுக்கினீங்களாமே, எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றாள். உன் விழா வீடியோவுக்குக் கீழே தமிழில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. உன் அம்மா போனை வாங்கித் தள்ளிப் பிடித்து, முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஓர் எழுத்தும் தெரியவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஆமா மல்லிகா, அதுக்குத்தான் நேர்ந்துகினேன்" என்றாள். உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. மல்லிகாவுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்தாள்.

ராத்திரி வழக்கம்போலப் படுத்துக்கொண்டாள். நேற்றுக் காலையில் பார்க்கிறேன், அடுப்படியில் புடவைத் தலைப்பைத் தலைமேல் இழுத்து விட்டுக்கொண்டு நிற்கிறாள். திருப்போரூர் போய் வந்த நாளிலிருந்து ஒருநாள்கூட அவள் தலையை மூடியது கிடையாது. கடைக்கும் அப்படியே போவாள், யாராவது கேட்டால் நின்று கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் வருவாள். வீட்டுக்குள் எதற்கு முக்காடு என்று கேட்டேன். குழம்பைக் கிளறிக்கொண்டே, "சாமிகிட்ட ஒண்ணு சொல்லிக் குடுத்தேன், நேத்து ஊராண்ட வேற ஒண்ணு சொல்லிட்டேன். இப்ப இது எதுக்குப் போட்ட மொட்டைன்னு எனக்கே தெரிலீங்க" என்றாள். அவனை ஒன்றும் கேட்காதீங்க என்று அடுத்த வார்த்தை. நான் கேட்கவில்லை, எழுதுகிறேன்.

நீ பாலைவனத்துக்குப் போ. நானும் தடுக்கப் போவதில்லை, அவளும் தடுக்கப் போவதில்லை. ஃப்ளைட் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை பகலில் இங்கே வா. எங்களிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், எங்களுக்கு எல்லாம் தெரியும். எதிர்வீட்டுக் கதவைத் தட்டு. எங்கம்மா எதற்காக மொட்டை போட்டாள், நான் அவளிடம் என்ன சொல்லி ஏமாற்றினேன் என்று மல்லிகாவிடம் உன் வாயால் சொல்லு. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் திரும்பி எங்கள் வீட்டுக்குள் வருகிறாயா, அப்படியே காரில் ஏறிப் போகிறாயா என்பது உன் இஷ்டம். வாசல் கதவைத் திறந்தே வைத்திருப்போம்.

அப்பா